செக் இடைக்கால இசை: எங்கிருந்து தொடங்குவது, எப்படிக் கேட்பது

19ஆம் நூற்றாண்டுச் செக் இசையமைப்பாளர்களான ஸ்மெடானாவையும் துவோர்ஷாக்கையும் கேட்டுவிட்டு, அவர்கள் எடுத்தாண்ட பழைய பாடல்களைத் தேடிப் புறப்படுவோர் பெரும்பாலும் இரண்டு இடங்களில் தடுமாறுகிறார்கள். சிலர் 19ஆம் நூற்றாண்டு இசைக்குழுவின் முழக்கத்தையே இடைக்காலத்தின் குரல் என்று எண்ணிவிடுகிறார்கள். வேறு சிலர் நேரே கையெழுத்துச் சுவடிகளின் படங்களைத் திறந்து, நூற்றுக்கணக்கான லத்தீன் பாடல்களுக்கு நடுவே வழி தெரியாமல் மூடிவைத்துவிடுகிறார்கள். இசைக்குறியீடு படிக்கத் தெரியாதவரும் செக் மொழி அறியாதவரும் பின்பற்றக்கூடிய ஒரு வரிசையை இந்தக் கட்டுரை முன்வைக்கிறது.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. செக் மக்களின் அடையாளம் என்று இன்று போற்றப்படும் பாடல்களில் எதுவும் தேசியப் பாடலாகப் பிறக்கவில்லை. வழிபாட்டிலும் முடிசூட்டு விழாவிலும் போர்க்களத்திலும் புழங்கியவற்றைப் பிற்காலத்தார் தத்தம் தேவைக்கு ஏற்ப எடுத்து, அவற்றின்மீது புதிய பொருளை ஏற்றினர். ஆகவே ஒவ்வொரு பாடலைக் கேட்கும்போதும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழக வேண்டும்: இதை முதலில் யார் பாடினார்கள், எதற்காகப் பாடினார்கள், பின்னர் யார் கையில் எடுத்தார்கள்?

காலவரம்பைக் குறித்துக்கொள்ளுங்கள்

நான்காம் சார்லஸ் 1347இல் பொஹேமியாவின் (அன்றைய செக் அரசு) அரசராக முடிசூடியதிலிருந்து, அரியணை ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் மரபின் கைக்குப் போன 1526 வரையிலான காலத்தை எடுத்துக்கொண்டால் போதும். 1348இல் பிராக் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. 1415 ஜூலை 6 அன்று சீர்திருத்தச் சமயபோதகரான யான் ஹுஸ், கான்ஸ்டன்ஸ் திருச்சங்கத்தின் தீர்ப்பின்படி உயிரோடு எரிக்கப்பட்டார். அவரைப் பின்பற்றிய ஹுஸ்ஸியர்களை ஒடுக்க வந்த சிலுவைப்படைகள் 1420 முதல் அடுத்தடுத்துத் தோற்றன. 1436இல் ஏற்பட்ட உடன்படிக்கைக்குப் பின், அப்பத்தோடு திராட்சை இரசத்தையும் பொதுமக்களுக்கு வழங்கும் உத்ராகிஸ்டுகள் என்ற பிரிவினர் நாட்டின் பெரும்பான்மைச் சபையாக நிலைபெற்றனர். கத்தோலிக்கர்களும் தொடர்ந்து இருந்தனர். நகரங்களில் ஜெர்மன் பேசுவோரும் கணிசமாக வாழ்ந்தனர். இந்தக் கலவையை மறந்துவிட்டால் பின்னால் வரும் எதுவும் சரியாகப் புரியாது.

முதல் படி: சபையே தேர்ந்துகொடுத்த நான்கு பாடல்கள்

எந்தப் பாடல்களிலிருந்து தொடங்குவது என்ற கேள்விக்கு 1408ஆம் ஆண்டிலேயே ஒரு விடை கிடைத்துவிட்டது. அந்த ஆண்டு பிராக் மறைமாவட்டப் பேரவை, மக்கள் மொழியில் புதிய பாடல்களைத் தேவாலயத்தில் பாடக் கூடாது என்று தடை விதித்து, பழகிப்போன நான்கு செக் பாடல்களுக்கு மட்டும் விலக்கு அளித்தது. 'ஹொஸ்பொதினெ, பொமிலுய் நி', 'ஸ்வாட்டீ வாட்ஸ்லாவெ' ஆகிய இரண்டும் மிகப் பழையவை. 'எல்லாம் வல்ல கடவுள்' என்ற உயிர்ப்புப் பெருவிழாப் பாடலும், 'இயேசு கிறிஸ்துவே, வள்ளலான தலைவரே' என்று தொடங்கும் பாடலும் மற்ற இரண்டு. தடை விதித்தவர்களின் நோக்கம் வேறாக இருந்தாலும், புதியவருக்கு இதைவிடக் கச்சிதமான பாடத்திட்டம் கிடைக்காது.

முதல் பாடலின் பொருள் 'ஆண்டவரே, எங்கள்மேல் இரக்கமாயிரும்' என்பதாகும். செக் நாட்டில் கிடைத்திருக்கும் பாடல்களில் இதுவே மிகப் பழையது. இதில் பழைய திருச்சபை ஸ்லாவோனிய மொழியின் சொற்கள் இன்றும் தங்கியிருக்கின்றன. 10ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிராக் ஆயர் புனித வொய்ட்யெஹ் இயற்றியதாக மரபு கூறுகிறது. 1397இல் ப்ரெவ்னோவ் மடத்துத் துறவியான ஹொலெஷோவ் ஊர் யான் இப்பாடலுக்கு இசைக்குறியீட்டோடு விரிவான உரை ஒன்றை எழுதினார். ஒரு மக்கள் பாடலின் சொற்களை ஒரு துறவி வரிவரியாக எடுத்து விளக்க உட்கார்ந்தார் என்பதே அக்காலத்தில் அதற்கு இருந்த மதிப்பைக் காட்டும். நான்காம் சார்லஸ் வகுத்த முடிசூட்டு முறையிலும் இப்பாடலுக்கு இடமிருந்தது.

கேட்கும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். பெரும்பாலும் ஓர் அசைக்கு ஒரு சுரம்தான் வருகிறது. மெட்டு குறுகிய எல்லைக்குள்ளேயே நகர்கிறது. பயிற்சி பெற்ற குரல் தேவையில்லை, கூட்டமாக நிற்பவர் எவரும் பாடலாம். இறுதியில் 'கிர்லெஷ்' என்ற சொல் மூன்று முறை ஒலிக்கிறது. 'கிரியே எலெய்சோன்' என்ற கிரேக்க மன்றாட்டு மக்கள் வாயில் தேய்ந்து அப்படி ஆனது. வேண்டுதலோ மிக எளியது: எங்கள் குரலைக் கேளும், எங்கள் அனைவருக்கும் நாட்டில் வளமும் அமைதியும் தாரும். இதில் வெற்றியோ பகைவரோ பேசப்படவில்லை.

இரண்டாவது பாடல் புனித வாட்ஸ்லாவை நோக்கிப் பாடப்படுவது. அவரை ஆங்கில வழியில் வென்செஸ்லாஸ் என்றும் எழுதுவார்கள். 10ஆம் நூற்றாண்டில் தன் தம்பியின் ஆட்களால் கொல்லப்பட்ட செக் கோமகன் அவர். 'செக் நாட்டின் கோமகனே, எங்கள் தலைவரே, எங்களுக்காகக் கடவுளை மன்றாடும்' என்று இது தொடங்குகிறது. 14ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் வெய்ட்மில் ஊர் பெனெஷ் க்ராபிட்ஸெயின் எழுத்திலிருந்து, அக்காலத்திலேயே இது மக்களிடையே நன்கு பழகிய பாடல் என்று தெரிகிறது. பழைய பகுதி மூன்றே சரணங்கள். 'எங்களையும் இனி வருவோரையும் அழிய விடாதேயும்' என்ற, இன்று பலரும் மேற்கோள் காட்டும் அடி பின்னால் சேர்ந்த சரணத்தில் வருகிறது. நாட்டைக் காக்கும் பாட்டு என்ற பொருள் இப்பாடலுக்கு வளர்ந்துகொண்டே வந்ததை இந்தச் சேர்க்கையே காட்டுகிறது: முதல் சரணங்களில் ஒரு புனிதரிடம் பரிந்துரை கேட்ட மக்கள், பிந்தையதில் தம் இனம் நிலைத்திருக்க வேண்டுகிறார்கள்.

இதன் மெட்டு டோரியன் என்ற திருச்சபை முறையைச் சார்ந்தது. கர்நாடக இசையில் காது பழகியவர்கள் அந்தச் சுர அமைப்பைக் கரகரப்பிரியாவாக உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். ஆனால் கமகம் இல்லாமல், ஒவ்வொரு சுரமும் நேராக நிற்கும். மேலை இசையின் சோகமான மைனர் சுரமுறை என்று எண்ணிக் கேட்பவரைவிட, இந்தச் சுரப்படிகளை அறிந்து கேட்பவருக்கு மெட்டு எளிதில் மனத்தில் தங்கும்.

மற்ற இரண்டு பாடல்களை ஒருமுறை கேட்டுவைத்தால் இப்போதைக்குப் போதும். நான்கையும் தேடும்போது 'ஸ்கோலா க்ரெகோரியானா ப்ராகென்சிஸ்' என்ற பிராக் ஆண்கள் பாடகர் குழுவின் பதிவுகளை முதலில் நாடுங்கள். டேவிட் எபென் 1987இல் நிறுவிய குழு அது. மணியோசையும் மத்தளமும் எதிரொலியும் கலந்து 'மர்மமான இடைக்காலம்' ஒன்றை விற்கும் பதிவுகளைத் தொடக்கத்தில் தவிர்ப்பது நல்லது.

இரண்டாம் படி: போர்ப்பாடலை முழுவதுமாகப் படியுங்கள்

'கடவுளின் போர்வீரர்கள் யாரோ' என்று தொடங்கும் ஹுஸ்ஸியர் பாடலே இந்த இசை மரபில் உலகறிந்தது. செக் மொழியில் அதன் முதல் வரி 'க்டோஷ் ஸூ பொஜீ பொயொவ்னீட்ஸி'. பதிவைக் கேட்பதற்கு முன் ஏதேனும் ஒரு மொழிபெயர்ப்பில் எல்லாச் சரணங்களையும் படித்துவிடுங்கள். பெரும்பாலோர் முதல் சரணத்தோடு நின்றுவிடுகிறார்கள். 'அவரிடம் துணை கேளுங்கள், அவரையே நம்புங்கள், இறுதியில் அவரோடு எப்போதும் வெல்வீர்கள்' என்ற அந்தச் சரணம் எந்தத் தேவாலயத்திலும் பாடக்கூடிய அளவுக்குப் பொதுவானது. அதற்குப் பிறகுதான் பாடலின் உண்மையான முகம் தெரியும்.

பின்வரும் சரணங்கள் ஒரு படைக்கு இடும் கட்டளைகளாகவே அமைந்திருக்கின்றன. வில்லாளிகள், வீரத்திருக்கூட்டத்து ஈட்டியாளர்கள், பொதுமக்களிலிருந்து வந்த சூலக்காரர்கள், கதிரடிக்கும் கோலை ஆயுதமாக ஏந்தியோர் என ஒவ்வொரு பிரிவையும் பாடல் பெயர் சொல்லி அழைக்கிறது. உங்களுக்குத் தரப்பட்ட அடையாளச் சொல்லை மறவாதீர்கள், தலைவனுக்குக் கீழ்ப்படியுங்கள், பகைவரின் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், பேராசைக்கும் கொள்ளைக்கும் உயிரை இழக்காதீர்கள் என்று அது தொடர்கிறது. இறுதியில் 'அடியுங்கள், கொல்லுங்கள், எவரையும் உயிரோடு விடாதீர்கள்' என்ற கடுமையான வரியும் உண்டு. உழவர்களையும் கைவினைஞர்களையும், வண்டிகளை அரணாக நிறுத்திப் போரிடும் வண்டிக்கோட்டைப் போர்முறைக்குப் பழக்கிய ஹுஸ்ஸியர் தளபதி யான் ஜிஷ்காவின் படை எவ்வாறு இயங்கியது என்பதை இந்தச் சரணங்களிலிருந்தே ஓரளவு ஊகிக்கலாம். கொள்ளையால் அணி கலைவதே அக்காலப் படைகளின் பெருநோய். அதற்கு மருந்தைப் பாட்டிலேயே வைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

தேசிய அடையாளம் பற்றிப் பேசுவோர் கவனிக்க வேண்டிய ஒன்று இப்பாடலின் நடுவில் இருக்கிறது. 'செக்கர்' என்ற பெயர் அங்கே வருகிறது. ஆனால் 'நல்ல தலைவனின் கீழ் நல்ல படைச்செலவு அமையும்' என்று செக்கர் முன்பே சொல்லிவந்தார்கள் என ஒரு பழமொழியை நினைவூட்டுவதற்காக மட்டுமே வருகிறது. பாடலின் வீரர்கள் கடவுளுக்காகவும் அவருடைய சட்டத்துக்காகவும் போரிடுகிறார்கள். அதற்காக அவர்களிடம் மொழியுணர்வும் மண்ணுணர்வும் இல்லை என்று முடிவுகட்டிவிட வேண்டாம்: 'எழுந்திரு, எழுந்திரு, பிராக் மாநகரமே' என்று நகரத்தையும் நாட்டையும் தட்டியெழுப்பும் பாடலும் அதே காலத்தது. சமய உணர்வும் நாட்டுணர்வும் அன்று ஒன்றுக்குள் ஒன்றாகவே கிடந்தன. அவற்றைப் பிரித்து, ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டது பிற்காலம்.

1431 ஆகஸ்ட் 14 அன்று டொமாஜ்லிட்ஸெ அருகே, இப்பாடலின் ஒலி தொலைவில் கேட்ட மாத்திரத்தில் சிலுவைப்படை சிதறி ஓடியது என்ற கதையை நீங்கள் எங்கும் காண்பீர்கள். படை போரிடாமல் ஓடியதும், அதை அழைத்துவந்த கர்தினால் செசாரினி தன் உடைமைகளை விட்டுவிட்டுத் தப்பியதும் வரலாறு. பாட்டு ஒன்றே ஓட்டியது என்பதை மரபுக் கதையாக வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கான வண்டிகளின் இரைச்சலும் பத்தாண்டுத் தோல்விகளின் அச்சமும் அந்த ஓட்டத்தில் பங்கு பெற்றிருக்கும்.

மூன்றாம் படி: ஒரு சுவடியின் ஒரு பக்கத்தைப் பாருங்கள்

மேற்சொன்ன போர்ப்பாடல் தாபோர் நகருக்கு அருகிலுள்ள யிஸ்டெப்னிட்ஸெ என்னும் ஊரின் பெயரால் அழைக்கப்படும் பாடல் சுவடியில் இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த அந்தச் சுவடியை 1872இல் லியோபோல்ட் காட்ஸ் என்ற மாணவர் அவ்வூர்ப் பங்கு இல்லத்தில் கண்டெடுத்தார். இப்போது பிராக் தேசிய அருங்காட்சியகத்தின் நூலகத்தில் இருக்கிறது. போர்ப்பாடலுக்காகவே இச்சுவடியைப் பலர் அறிந்திருந்தாலும், இதன் பெருமை வேறிடத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. திருப்பலியின் பாடல்களைச் செக் மொழியில் பெயர்த்து, பழைய கிரெகோரிய மெட்டுகளுக்கு (லத்தீன் திருச்சபையின் ஒற்றைக்குரல் வழிபாட்டு மெட்டுகள்) அவற்றைப் பொருத்திப் பாட முயன்ற பெரும் பணி இதில் காணக்கிடைக்கிறது. ஜெர்மன் சீர்திருத்தவாதி லூத்தர் தம் ஜெர்மன் திருப்பலி முறையை வெளியிட்ட 1526ஆம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முந்தைய முயற்சி இது. லத்தீன் அசைகளுக்காக நெய்யப்பட்ட மெட்டில் செக் சொல்லின் முதல் அசை அழுத்தத்தை எங்கே வைப்பது என்று தடுமாறி, வென்று, சில இடங்களில் தோற்றும் இருக்கிறார்கள். மொழி உரிமை என்பதை முழக்கமாகக் கேட்பதைவிட, இந்தத் தடுமாற்றத்தில் பார்ப்பது எனக்கு அதிகம் சொல்கிறது.

செக் தேசிய நூலகம் முன்னின்று நடத்தும் 'மனுஸ்கிரிப்டோரியம்' என்ற எண்ணிம நூலகத்தில் ஏராளமான பொஹேமியச் சுவடிகளின் படங்கள் உள்ளன. ஏதேனும் ஒரு பாடல் சுவடியைத் திறந்து, ஒரே ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்துக்குப் பதிலாக நான்கு கோடுகள் பல இடங்களில் இருக்கும். சுரங்கள் சாய்சதுர வடிவில், பேனாவின் நுனியைச் சாய்த்துப் பதித்தாற்போல் இருக்கும். பொஹேமியக் குறியீடு என்று இதற்கே தனிப் பெயர் உண்டு. கோட்டின் இடது ஓரத்தில் இருக்கும் எழுத்து எந்தக் கோட்டில் அமர்கிறதோ, அதுதான் அந்தச் சுரத்தின் இருப்பிடம். பாடலின் தொடக்க எழுத்தைச் சுற்றி ஓவியம் இருந்தால், இசையை விட்டுவிட்டு முதலில் அதைப் பாருங்கள். எந்தத் திருநாளுக்கான பாட்டு என்பது அதில் தெரிந்துவிடும்.

ஓவியம் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. இடைக்காலம் கடந்து 1572இல் உருவான பிராக் மாலா ஸ்ட்ரானா பகுதியின் பாடல் நூலில், ஒரு பக்க ஓரத்தில் மூவர் மேலிருந்து கீழாக வரையப்பட்டிருக்கிறார்கள். ஹுஸ்ஸுக்கு முன்னோடியான ஆங்கிலச் சீர்திருத்தவாதி விக்ளிஃப் சிக்கிமுக்கிக் கல்லைத் தட்டித் தீப்பொறி எழுப்புகிறார். யான் ஹுஸ் மெழுகுவத்தி ஏற்றுகிறார். லூத்தர் எரியும் தீவட்டியைப் பிடித்திருக்கிறார். வரலாற்றைப் பற்றிய ஒரு முழு வாதத்தையும் அந்த ஓவியர் பாட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் அடக்கிவிட்டார்.

நான்காம் படி: லத்தீனையும் பல்குரலையும் (வெவ்வேறு மெட்டுகளைச் சேர்ந்து பாடும் இசை) ஒதுக்கிவிடாதீர்கள்

ஹுஸ்ஸியர் இசை என்றால் செக் மொழியில், ஒற்றைக் குரலில், கருவியின்றிப் பாடுவது என்ற எண்ணம் இதுவரை வந்த படிகளில் உங்களுக்கு உருவாகியிருக்கும். தாபோர் நகரைத் தளமாகக் கொண்ட தீவிர ஹுஸ்ஸியர்களைப் பொறுத்தவரை அது பெருமளவு சரியே. அவர்கள் ஆர்கனையும் அலங்காரப் பாட்டையும் வெறுத்தார்கள். ஆனால் போர் ஓய்ந்த பிறகு உத்ராகிஸ்ட் நகரங்களில் பாடப்பட்டவற்றில் பெரும்பகுதி லத்தீன். அதில் பல்குரல் இசையும் ஏராளம். திருச்சபை சமய விரோதி என்று எரித்த ஹுஸ்ஸை ஜூலை 6 அன்று புனிதராகக் கொண்டாடியவர்கள், அந்தத் திருநாளுக்கு லத்தீனிலேயே வழிபாட்டுப் பாடல்களைப் பாடினார்கள். செக் மொழிதான் செக் அடையாளம் என்ற எளிய சூத்திரம் இந்த இடத்தில் உடைகிறது.

இந்தப் பாடல்களைக் காத்துவந்தவர்கள் 'லிடெராட்டி சகோதரத்துவம்' என்ற நகரச் சங்கங்கள். வணிகரும் கைவினைஞரும் அடங்கிய, படிக்கத் தெரிந்த பொதுமக்கள் தம் செலவில் பெரிய பாடல் நூல்களை எழுதுவித்து, தேவாலயத்தில் மேடைப்பலகையின்மீது விரித்து, ஒரே நூலைச் சுற்றி நின்று பாடினார்கள். இந்தச் சங்கங்கள் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இரண்டாம் ஜோசப் பேரரசர் கலைக்கும்வரை தொடர்ந்தன. ஹ்ராடெட்ஸ் க்ராலொவே நகரத்தின் ஃப்ரானுஸ் சுவடி இவற்றுள் புகழ்பெற்றது. 1505இல் யான் ஃப்ரானுஸ் என்ற துணி வணிகரின் கொடையால் உருவானது. அதே நகரில் இருக்கும் 'ஸ்பெட்ஸியால்னீக்' என்ற சுவடி 15ஆம் நூற்றாண்டின் இறுதிக் காலத்தது. உள்ளூர்க்காரர்கள் தலைமுறைகளாகப் பாடிவந்த பழைய பாணிப் பாடல்களும், ஜோஸ்கான், அக்ரிகோலா போன்ற மேற்கு ஐரோப்பிய மேதைகளின் அன்றைய புத்தம்புதிய படைப்புகளும் அதில் அடுத்தடுத்து வருகின்றன. ஆங்கிலப் பாடகர்களின் ஹில்லியர்ட் குழு இச்சுவடியிலிருந்து பாடிய பதிவு ஒன்று உண்டு. நான்கு குரல்களில் பாடும் அந்தப் பதிவே இந்தப் படிக்குச் சிறந்த நுழைவாயில்.

அதில் கிராவ்டென்ஸ் ஊர்ப் பேத்ருஸ் என்பவரின் பாடல்களைத் தனியே கேளுங்கள். 1392இல் இன்றைய போலந்தின் க்ருட்ஜியாண்ட்ஸில் பிறந்து, கிராகோவில் படித்து, பேரரசர் மூன்றாம் ஃபிரெடெரிக்கின் அரண்மனைக் குருவாக இருந்தவர் அவர். தம் லத்தீன் பாடல்களின் சொற்களுக்குள் தன் பெயரை எழுத்தெழுத்தாக ஒளித்துவைக்கும் பழக்கம் அவருக்கு இருந்ததால்தான், 20ஆம் நூற்றாண்டில் செக் இசையறிஞர் யரோமீர் செர்னி அவரை அடையாளம் காண முடிந்தது. செக் நகரங்களின் விருப்பப் பாடலாசிரியர் ஒருவர் செக்கர் இல்லை என்பதில் அன்று எவருக்கும் சங்கடம் இருந்ததாகத் தெரியவில்லை.

காதல் பாடல்களும் உண்டு. 14ஆம் நூற்றாண்டில் ஸாவிஷ் என்ற அறிஞர் இயற்றியது அவற்றுள் நயமானது. எண்ணிக்கையில் மிகக் குறைவே எஞ்சியிருப்பதால் ஒரு மாலைப்பொழுதில் கேட்டு முடித்துவிடலாம்.

1457இல் குன்வால்ட் என்ற சிற்றூரில் தோன்றிய 'சகோதரர் ஒன்றியம்' என்ற சிறு சபையையும் குறித்துக்கொள்ளுங்கள். 1501இல் அச்சான செக் பாடல் நூல் இவர்கள் வட்டத்தோடு தொடர்புடையது. ஐரோப்பாவில் மக்கள் மொழியில் அச்சான முதல் சபைப் பாடல் நூல்களுள் அது ஒன்று. 1620இல் ஹாப்ஸ்பர்க் தரப்பிடம் செக் சீர்திருத்தத் தரப்பு வெண்மலைப் போரில் தோற்றபின் இச்சபையினர் சிதறினர். அந்த மரபைப் புதுப்பித்த மொராவியச் சகோதரர்களின் ஒரு குழு 1760இல் தரங்கம்பாடிக்கு வந்து, பொறையாறு அருகே தோட்டக் குடியிருப்பு அமைத்து வாழ்ந்தது. தமிழ் மண்ணுக்கும் இந்தப் பொஹேமிய மரபுக்கும் உள்ள நேரடித் தொடர்பு அவ்வளவே, ஆயினும் சொல்லத்தக்கது.

ஐந்தாம் படி: இப்போது ஸ்மெடானாவைக் கேளுங்கள்

பழைய வடிவம் காதில் நின்ற பிறகுதான் 19ஆம் நூற்றாண்டுக்கு வர வேண்டும் என்பதை நான் வலியுறுத்துவேன். அப்போதுதான் இசையமைப்பாளர் எதை எடுத்தார், எதை விட்டார் என்பது புலப்படும்.

ஹாப்ஸ்பர்க் ஆட்சியில் ஜெர்மன் மொழி அரசிலும் கல்வியிலும் கோலோச்சிய காலத்தில், வரலாற்றாசிரியர் ஃபிரான்டிஷெக் பலாட்ஸ்கி ஹுஸ்ஸியர் காலத்தைச் செக் வரலாற்றின் உச்சமாக எழுதினார். அந்தப் பார்வைக்கு ஒலி வடிவம் கொடுத்தவர் ஸ்மெடானா. 1874 முதல் 1879 வரை, செவிப்புலனை முற்றிலும் இழந்த நிலையில் அவர் எழுதிய 'என் தாயகம்' என்ற ஆறு பகுதிப் படைப்பின் ஐந்தாம் பகுதி 'தாபோர்'. போர்ப்பாடலின் தொடக்கத்தில் ஒரே சுரம் திரும்பத் திரும்ப வருவதை எடுத்துக்கொண்டு, ஏறத்தாழ அந்தப் பகுதி முழுவதையும் அவர் அதிலேயே கட்டுகிறார். ஆறாம் பகுதியான 'ப்ளானீக்', மலைக்குள் உறங்கும் வீரர்கள் நாட்டின் இக்கட்டில் எழுந்து வருவார்கள் என்ற கதையைச் சொல்கிறது. அங்கே 'இறுதியில் அவரோடு எப்போதும் வெல்வீர்கள்' என்ற அடிக்குரிய மெட்டு வெற்றி அணிவகுப்பாக மாறுகிறது. சொற்கள் போய்விட்டன, 'கொல்லுங்கள்' என்ற வரியும் அவற்றோடு போய்விட்டது. சமயப் பாடல் நாட்டின் பாடலானது இந்த வழியில்தான்.

துவோர்ஷாக்கின் 'ஹுஸ்ஸியர் முன்னிசை' 1883இல், தீக்கிரையாகி மீண்டும் எழுந்த பிராக் தேசிய நாடக அரங்கின் திறப்புக்காக எழுதப்பட்டது. இதை நான் ஸ்மெடானாவைவிடத் துணிச்சலானதாகக் கருதுகிறேன். பக்தியுள்ள கத்தோலிக்கரான அவர், ஹுஸ்ஸியர் போர்ப்பாடலையும் புனித வாட்ஸ்லாவ் பாடலையும் ஒரே படைப்பில் சேர்த்துவைத்தார். நாட்டின் இரு சமய நினைவுகள் ஒன்றையொன்று சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்த சூழலில் அது சிறிய செயல் இல்லை. இரண்டு மெட்டுகளும் ஏற்கெனவே மனப்பாடமாக இருந்தால், எது எங்கே நுழைகிறது என்று விரல்விட்டுச் சொல்லிவிடுவீர்கள்.

செக் இசையமைப்பாளர் யோசெஃப் ஸூக் 1914இல் நால்வர் நரம்பிசைக் குழுவுக்காக வாட்ஸ்லாவ் பாடலின்மீது எழுதிய தியானம் மிகச் சிறியது. முதல் உலகப்போர் தொடங்கியதும் கச்சேரிகளில் ஆஸ்திரியப் பேரரசின் கீதத்தை வாசித்தாக வேண்டிய கட்டாயம் வந்தது. ஸூக் இடம்பெற்ற செக் நால்வர் குழு அதை வாசித்துவிட்டு இதையும் வாசித்தது. 'எங்களை அழிய விடாதேயும்' என்ற சொற்களை வாத்தியங்கள் உரக்கச் சொல்லவில்லை, அவையோர் சொல்லிக்கொண்டார்கள்.

ஆறாம் படி: பிற்காலப் பயன்பாட்டைச் சற்று விலகி நின்று கேளுங்கள்

20ஆம் நூற்றாண்டில் இந்த மெட்டுகள் மிகக் கொடிய இடங்களுக்குச் சென்றன. நாஜிகள் செக் நிலத்தை ஆக்கிரமித்த 1939இல் செக் யூத இசையமைப்பாளர் பாவெல் ஹாஸ், ஓபோ என்ற காற்றுக்கருவிக்கும் பியானோவுக்கும் எழுதிய படைப்பில் பழைய பாடல்களை ஒளித்துவைத்தார். அதே ஆண்டு ஜெர்மானியரான கார்ல் அமடேயுஸ் ஹார்ட்மன், தம் வயலின் கச்சேரி இசையை ஹுஸ்ஸியர் மெட்டோடு தொடங்கினார். நாஜிகளின் டெரெஸீன் முகாமில் அடைபட்டிருந்த இசையமைப்பாளர் விக்டர் உல்மன் 1944இல் எழுதிய ஏழாம் பியானோ சொனாட்டாவின் முடிவில், யூதப் பாடல் ஒன்றின் மெட்டோடு ஹுஸ்ஸியர் பாடலும் வந்து சேர்கிறது. ஹாஸும் உல்மனும் அந்த ஆண்டு அக்டோபரில் அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்கள். சோவியத் படைகள் பிராக்கில் நுழைந்த 1968இல் அமெரிக்காவில் வாழ்ந்த கரெல் ஹுஸா, 'பிராக் 1968க்கான இசை' என்ற காற்றுக்கருவிப் படைப்பில் அதே போர்ப்பாடலை முதலில் டிம்பனி முரசில் மெல்லக் கேட்கவைத்து, இறுதியில் எல்லாக் கருவிகளும் ஒருசேர முழங்கும்படி வளர்த்தார்.

ஆனால் அதே பாடலை ஆட்சியாளர்களும் பயன்படுத்தினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஹுஸ்ஸியர் பாடல் வரலாற்றை 1904 முதல் பல தொகுதிகளாக ஆராய்ந்து எழுதிய ஸ்டெனெக் நெயெட்லி, 1948க்குப் பின் கம்யூனிஸ்ட் அரசின் கல்வி அமைச்சரானார். ஹுஸ்ஸியர் இயக்கம் வர்க்கப் புரட்சியின் முன்னோடி என்ற விளக்கம் அக்காலத்தில் அரசின் கருத்தாகவே நிலைத்தது. அவருடைய ஆய்வில் உள்ள ஆவணங்களுக்கு இன்றும் மதிப்புண்டு. அவற்றிலிருந்து எடுத்த முடிவுகளைத் தனியே சீர்தூக்க வேண்டும். அதுபோலவே, பழைய பதிவுகளின் அட்டையிலோ விளக்கக் குறிப்பிலோ 'மக்களின் அழியாத விடுதலை உணர்வு' போன்ற தொடர்களைக் கண்டால், பதிவு வெளியான ஆண்டைப் பாருங்கள். 1950களுக்கு உரிய தொடரா, 1990களுக்கு உரியதா என்று தெரிந்தால் குறிப்பு எழுதியவரின் கையும் தெரிந்துவிடும்.

நேரில் செல்வோருக்கு

பிராக்கின் பெத்லகேம் சிற்றாலயத்துக்கு முதலில் போங்கள். செக் மொழியில் மறையுரை ஆற்றுவதற்கென்றே 1391இல் நிறுவப்பட்டது. ஹுஸ் 1402 முதல் அங்கே பேசினார், மக்களைப் பாடவும் வைத்தார். 18ஆம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டு 1950களில் மீண்டும் கட்டப்பட்டதால், நீங்கள் காண்பதில் பெரும்பகுதி புதியது. பழைய சுவரின் எஞ்சிய பகுதிகளில் எழுத்துச் சிதைவுகள் இருக்கின்றன. காவலரிடம் கேட்டுத் தேடிப் பாருங்கள். பிராக்கிலேயே உள்ள எம்மாவுஸ் மடம் நான்காம் சார்லஸ் ஸ்லாவோனிய வழிபாட்டுக்காக 1347இல் நிறுவியது. முதல் படியில் கேட்ட பாடலின் மொழிச் சூழலை அங்கே உணரலாம். தாபோர் நகரில் ஹுஸ்ஸியர் அருங்காட்சியகம் இருக்கிறது.

நாட்களைத் தேர்ந்துகொள்ள முடிந்தால் மூன்று தேதிகள் உண்டு. மே 12, ஸ்மெடானாவின் நினைவு நாள். அன்று 'பிராக் வசந்தம்' இசை விழா 'என் தாயகம்' படைப்போடு தொடங்கும், நுழைவுச்சீட்டு மிக முன்னதாகவே தீர்ந்துவிடும். ஜூலை 6 ஹுஸ் நாள், செப்டம்பர் 28 வாட்ஸ்லாவ் நாள். இரண்டுமே அரசு விடுமுறைகள். மூன்றில் ஒன்றுதான் முடியும் என்றால் செப்டம்பர் 28ஐத் தேர்ந்தெடுங்கள். அன்று ஸ்டாரா பொலெஸ்லாவ் நகரில் நடக்கும் திருப்பலியில் மக்களே எழுந்து நின்று வாட்ஸ்லாவ் பாடலைப் பாடுகிறார்கள். இதற்கு நுழைவுச்சீட்டு வாங்க வேண்டியதில்லை. முதல் சரணத்தை உச்சரிப்போடு எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். மெட்டு மெதுவாகத்தான் நகரும். இரண்டாம் சரணத்துக்குள் நீங்களும் சேர்ந்துகொள்ள முடியும்.